தண்ணீர் கேனுக்குள் ஒரு மாட்டு வயிறு

உயிரி ஆற்றல் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கு, 20 லிட்டர் தண்ணீர் கேனில் அமைக்கும் சாண எரிவாயுக் கலனைவிடச் சிறந்த பாடக்கருவி இல்லை என்பது என் எண்ணம். புதுச் சாணத்தையும் தண்ணீரையும் சம அளவில் கட்டியின்றிக் கரைத்துக் கேனில் முக்கால் பங்குக்கு ஊற்றி, வாயில் செருகிய குழாயின் மறுமுனையைக் காற்றிறக்கிய சைக்கிள் டியூபில் பொருத்தி, இடுக்குகளை எம்-சீல் வைத்து அடைத்து, வெயில் படும் இடத்தில் வைத்துவிட வேண்டும்.

சில நாள்களில் டியூப் உப்பத் தொடங்கும். ஆனால் முதலில் சேரும் வாயு எரியாது. மாணவர்கள் ஏமாறும் இந்த இடத்தில்தான் பாடமே தொடங்குகிறது. சாணத்திலுள்ள மாவுப்பொருளையும் நாரையும் ஒருவகை பாக்டீரியாக்கள் சர்க்கரையாக உடைக்க, வேறு சில அதை அமிலங்களாக மாற்ற, அவற்றிலிருந்து உண்டாகும் அசிட்டிக் அமிலத்தையும் ஹைட்ரஜனையும் கொண்டு ஆர்க்கியா என்னும் நுண்ணுயிர்கள் கடைசியாக எரியக்கூடிய மீத்தேன் வாயுவை உருவாக்குகின்றன. முன்னவை விரைவாகப் பெருகும். ஆர்க்கியா மெதுவாகத்தான் பெருகும். ஆகவே முதலில் வருவது பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடும் உள்ளே அடைபட்ட காற்றுமே. காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் கலந்திருந்தால் வெடிக்கும் என்பதால், அந்த முதல் வாயுவைத் திறந்தவெளியில் வெளியேற்றிவிட வேண்டும். மீத்தேன் பாதிக்கு மேல் சேர்ந்த பிறகு வாயு நீலச் சுடராக எரியும்.

இந்த ஆர்க்கியா எங்கிருந்து வந்தன? மாட்டின் இரைப்பையில் ஏற்கெனவே வாழ்பவை இவை. சாணத்தோடு கேனுக்குள் குடியேறுகின்றன. எனவே மாட்டுக்கு ஆகாதது கேனுக்கும் ஆகாது. பொங்கலன்று அளவுக்கு மீறிச் சோறும் பொங்கலும் தின்ற மாடு, வயிற்றில் அமிலம் மிகுந்து படுத்துவிடுவதைக் கிராமத்து மாணவர்கள் அறிவார்கள். மிஞ்சிய சோற்றைக் கேனில் அள்ளிக் கொட்டினாலும் இதே கதைதான்: அமிலம் பெருகி, பி.எச். அளவு (அமிலம் கூடக் கூடக் குறையும் எண்) 6.5-க்குக் கீழே இறங்க, மீத்தேன் உற்பத்தி நின்றுவிடும். சில நாள் தீனியை நிறுத்தி, புதுச் சாணக் கரைசலைச் சேர்த்தால் பெரும்பாலும் தேறிவிடும்.

ஒரு கிலோ சாணத்திலிருந்து சுமார் 40 லிட்டர் வாயு கிடைக்கும். நாளொன்றுக்கு 2 கன மீட்டர் வாயு தரும் வீட்டுக் கலனுக்கு 50 கிலோ சாணம், அதாவது நான்கைந்து மாடுகள் தேவை என்று மாணவர்களே கணக்கிட்டுவிடலாம்.

இதைப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் என்பதற்குக் காரணம், சுடரிலிருந்து வெளியேறும் கார்பன் அண்மையில் புல்லும் வைக்கோலும் காற்றிலிருந்து எடுத்துக்கொண்டதே. ஆனால் கலன் கசியக் கூடாது. எரியாமல் கசியும் மீத்தேன், நூறாண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைவிட 25 மடங்குக்கும் மேல் வெப்பமூட்டும். இணைப்புகளில் சோப்பு நுரையைத் தடவி, குமிழி வருகிறதா என்று மாணவர்களையே பார்க்கச் சொல்லலாம். வாயு அடங்கிய பின் கேனில் எஞ்சும் கரைசலில் நைட்ரஜன் பெரும்பாலும் அப்படியே இருக்கும். அதைப் பள்ளித் தோட்டத்துக் கீரைப் பாத்திக்கு ஊற்றலாம்.