மூலிகை அல்ல, பூண்டு

மலைக்காட்டில் அறிவியலுக்குப் புதிதான ஒரு பூச்செடி அறியப்பட்டதும் ‘புதிய மூலிகை கண்டுபிடிப்பு’ என்று தலைப்புப் போட்டுவிடுகிறார்கள். உள்ளே எந்த நோய்க்கு என்று ஒரு வரிகூட இராது. ஆய்வுக்கட்டுரையில் இருந்த சொல் ‘ஹெர்ப்’. தாவரவியலில் அதற்கும் மருந்துக்கும் தொடர்பே இல்லை.

லத்தீனில் ‘ஹெர்பா’ என்றால் புல், பசுந்தழை. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், சமையல் தழை, மருந்துத் தழை என்ற பொருள்களையும் ஏற்றுக்கொண்டது. தாவரவியலார் கொள்வது வளரும் விதத்தை, அதாவது வாகினை மட்டும்: தரைக்கு மேல் கட்டையாகாத தண்டுள்ள தாவரம். ‘மூலிகை’யோ வேரைக் குறிக்கும் ‘மூலம்’ என்ற வடசொல்லிலிருந்து வந்து, மருந்துக்கு ஆகும் தாவரங்கள் எல்லாவற்றுக்கும் பரவியது. அது உருவத்தைச் சொல்லும் சொல்லே அல்ல, பயனைச் சொல்வது. வேம்பு மூலிகை, ஆனால் மரம். ஆடாதொடை மூலிகை, ஆனால் புதர். கீழாநெல்லி மட்டும் இரண்டு கணக்கிலும் சேரும்.

அகராதியில் முதலில் கிடைத்த பொருளை எடுத்து ஒட்டுவதால் வரும் வினை இது. அதே வேரில் பிறந்த ‘ஹெர்பிவோர்’ தாவர உண்ணி. ‘மூலிகை உண்ணி’ என்று யாரும் எழுதுவதில்லை. ‘ஹெர்பிசைடு’ களைக்கொல்லி, ‘மூலிகைக்கொல்லி’ என்று யாரும் விற்பதில்லை. அங்கே ஓடிய யோசனை இங்கே மட்டும் ஏன் நின்றுவிடுகிறது? மரத்தில் தொற்றி வளரும் ஹெர்பை ‘தொற்று மூலிகை’ என்று பெயர்த்தால், தொற்றுநோய்க்கு மருந்து என்றுதான் படிப்பவர் நினைப்பார். ஒரே சரிவில் சில செடிகளே உள்ள இனத்துக்கு இப்படி மருந்துப் பெயர் சூட்டுவது, வேரோடு பிடுங்க ஆளை அனுப்புவது போலத்தான்.

‘மிகப்பெரிய மூலிகை வாழை’ என்றும் எழுதுகிறார்கள். வாழையைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள்: ஒன்றை ஒன்று சுற்றிய பட்டைகள், குலை தள்ளியதானால் நடுவே வெள்ளைத் தண்டு. எங்கும் வைரம், அதாவது இறுகிய கட்டை, இல்லை. அதனால்தான் அது ஹெர்ப். அந்த வைரத்தைத்தான் தொல்காப்பியம் ‘காழ்’ என்கிறது. உள்ளே காழ் இருப்பது மரம், புறத்தே இருப்பது புல் என்று பிரிக்கிறது. உருவத்தையும் உறுதியையும் கொண்டு வகை பிரிக்கும் வழக்கம் தமிழுக்கு இரவல் அல்ல.

சரி, எது சொல்? ‘செடி’ போதாது, செம்பருத்தியும் செடிதான், ஆனால் அதன் தண்டு கட்டை. ‘சிறுசெடி’ அளவைச் சொல்கிறது, தன்மையைச் சொல்லவில்லை. வாழையைச் சிறுசெடி என்றால் யார் ஏற்பார்? ‘பூண்டு’தான் பொருந்துகிறது. ‘புல்லாகிப் பூடாய்’ என்று மாணிக்கவாசகர் புல்லுக்கும் மரத்துக்கும் வேறாகச் சொன்ன பூடு இதுவே. பூண்டு என்றால் வெள்ளைப்பூண்டு நினைவுக்கு வருமே என்பார்கள். ‘வெள்ளை’ என்ற அடைமொழி இருப்பதே பூண்டு பொதுப்பெயர் என்பதற்குச் சான்று. கிணற்றடிப்பூண்டைக் கண்டு யாரும் குழம்புவதில்லை. ‘புல் பூண்டுகூட முளைக்காது’ என்று சொல்லும்போதும் குழம்புவதில்லை.

இது வெறும் சொல் சண்டை அல்ல. புதிய இனத்தின் விளக்கமே வளரும் வாகில்தான் தொடங்கும். 1935 முதல் 2011 வரை அதை லத்தீனில் எழுதுவது கட்டாயம். 2012 முதல் ஆங்கிலமும் செல்லும். அந்த முதல் சொல்லை உறுதிப்படுத்தத்தான் மாதிரியை வேரோடு, அடித்தண்டோடு எடுக்கிறார்கள். நுனியை மட்டும் கிள்ளி வந்தால் அடி கட்டையா, மண்ணுக்குள் கிழங்கு உண்டா, ஓராண்டா பல்லாண்டா என எதுவும் தெரியாது. பூண்டா அடிக்கட்டைப் புதரா என்பதும் தீராது. எண்ணிக்கை குறைவாக இருந்தால் ஒன்றை மட்டும் எடுத்து, மற்றவற்றின் அடியைப் படம் பிடித்துக்கொள்ள வேண்டும். காசித்தும்பை இனங்களில் தண்டு முழுக்க நீர். செய்தித்தாள்களுக்கு இடையே வைத்து அழுத்தும்போது தாளை நாள்தோறும் மாற்றாவிட்டால் கறுத்து அழுகும், இலை உதிரும். பூவின் நிறம் காய்ந்ததும் போய்விடும். அங்கேயே குறித்துக்கொண்டு, சில பூக்களை 70 சதவீத ஆல்கஹாலில் போட்டு வைக்க வேண்டும். இவ்வளவும் செய்து எழுதிய விளக்கத்தைத் தமிழில் தருகையில் முதல் சொல்லிலேயே கவிழ்த்துவிடுகிறார்கள்.

‘நிமிர்ந்த ஆண்டு மூலிகை, சதைப்பற்றுள்ள தண்டு’ என்று வருவதை இப்படி எழுதலாம்: ‘நிமிர்ந்து வளரும் ஓராண்டுப் பூண்டு, தண்டு நீர் நிறைந்தது, கட்டையாகாதது.’