சிரோசிஸ்: தழும்பேறிய ஈரல்

கடலூர் பழைய நகரத்தில் (ஓ.டி.) இருக்கும் என் மாமா வாழ்நாளில் ஒரு சொட்டுகூடக் குடித்ததில்லை. பல வருடமாகச் சர்க்கரை நோய், கொஞ்சம் பருத்த உடம்பு, அவ்வளவுதான். அவருடைய மருத்துவச் சீட்டில் 'சிரோசிஸ்' என்று எழுதியிருந்தது. "ஈரல் கெட்டுப்போச்சாம்" என்று யாரோ படித்துச் சொல்ல, தெருவே அவரைக் குடிகாரர் என்று முடிவு கட்டிவிட்டது. அத்தை பல நாள் வாசலுக்கே வரவில்லை. அந்த வலியில்தான் இந்தச் சொல்லைத் தேடிப் போனேன்.

சிரோசிஸ் என்ற சொல்லில் குடி இல்லை. இருப்பது ஒரு நிறம். கிரேக்கத்தில் 'கிர்ரோஸ்' என்றால் காவி கலந்த மஞ்சள் பழுப்பு. ஸ்டெதாஸ்கோப்பைக் கண்டுபிடித்த பிரெஞ்சு மருத்துவர் ரெனே லென்னெக், அந்தக் கருவியைப் பற்றி 1819-இல் வெளியிட்ட நூலின் அடிக்குறிப்பு ஒன்றில் இந்தப் பெயரை வைத்தார். இறந்தவர் உடலைத் திறந்து பார்த்தபோது, சுருங்கிய ஈரல் முழுக்கப் பழுப்பு மஞ்சளில் சின்னச் சின்ன மணிகள். கண்ணில் பட்ட நிறமே நோயின் பெயராகிவிட்டது.  

அந்த மணிகளைப் புதிதாக முளைத்த கட்டிகள் என்று லென்னெக் நினைத்தார். அது தவறு. மது, ஹெபடைட்டிஸ் பி, சி வைரஸ்கள், சேர்ந்துபோன கொழுப்பு என்று ஏதோ ஒன்று ஈரலை வருடக்கணக்கில் புண்படுத்திக்கொண்டே இருக்கிறது. புண் ஆறும் இடத்தில் நார் படிகிறது. பிழைத்த செல்கள் அந்த நார்களுக்கு நடுவே தீவு தீவாகத் திரண்டு வளர்கின்றன. மணி மணியாகத் தெரிவது அவைதான். குடலிலிருந்து ஈரலுக்கு வரும் ரத்தம் அதற்குள் எளிதாகப் போக முடியாமல், மதகு அடைபட்ட வாய்க்கால் போல எதிர்த்து ஏறுகிறது. வயிற்றில் நீர் கோப்பதும், உணவுக்குழாயின் ரத்த நாளங்கள் புடைத்து ரத்த வாந்தி வருவதும் இதனால்தான். பெருவயிறு, மகோதரம் என்று நம் பழைய வைத்தியம் பெயரிட்டது இந்த வீக்கத்தை. ஆனால் அது விளைவின் பெயர், நோயின் பெயர் அல்ல.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'கல்லீரல் சுருக்கம்' என்கிறார்கள். முற்றிய ஈரல் சுருங்குவது உண்மைதான், ஆனால் ஏன் சுருங்கியது என்று அந்தச் சொல் சொல்லவில்லை. 'இழைநார் வளர்ச்சி' பரவலாக இருக்கிறது. நார் படிவதை ஆரம்பத்திலிருந்து நான்கு படியாகப் பிரிப்பார்கள். நான்காவது படிதான் சிரோசிஸ். 'இழைநார் வளர்ச்சி' என்பதோ எல்லாப் படிக்கும் பொருந்துகிறது. 'வளர்ச்சி' என்று கேட்டதும் கட்டியோ என்று வேறு பயம் வருகிறது, லென்னெக் தடுமாறிய அதே இடம்.

நான் சொல்வது 'தழும்பேறிய ஈரல்'. 'நாத்தழும்பேறப் பாடினான்' என்கிறோமே, ஒன்றே திரும்பத் திரும்ப நடந்து தடம் பதிவது தழும்பேறுதல். இந்த நோயின் கதையும் அதுதான். யார் குற்றம் என்று அந்தச் சொல் யாரையும் கேட்பதில்லை.

'கல்லீரல்' என்ற பெயரையும் பாருங்கள். நுரையீரல், மண்ணீரல் எல்லாம் நமக்கு ஈரல்தான். இதற்கு மட்டும் கல். ஆனால் நல்ல ஈரல் மெத்தென்றுதான் இருக்கும். தழும்பேறினால்தான் கல்லாகிறது. ஃபைப்ரோஸ்கேன் என்ற கருவி அளப்பது அந்த இறுக்கத்தைத்தான்: விலாவுக்கு மேலே ஒரு தட்டு தட்டும், அந்த அதிர்வு எவ்வளவு வேகமாக ஓடுகிறதோ ஈரல் அவ்வளவு இறுகியிருக்கிறது. முன்பு ஊசி குத்தித் துண்டெடுத்துப் பார்த்ததைப் பலருக்கு இப்போது வலியில்லாமல் பார்த்துவிடலாம்.

மாமாவுக்கு வந்த வழி கொழுப்பு. 'மதுவால் வராத' என்று தொடங்கிய அந்தக் கொழுப்பு ஈரல் நோயின் பெயரை 2023-இல் பல நாட்டு ஈரல் மருத்துவச் சங்கங்கள் மாற்றின. புதிய பெயரில் மது இல்லை; சர்க்கரை, உடல் பருமன் போன்ற வளர்சிதைமாற்றக் கோளாறுகளைச் சொல்லும் பெயர் அது.

தழும்பு என்றதும் அத்தை கேட்ட முதல் கேள்வி, "அப்ப அது மறையுமா?" ஒருகாலத்தில் மருத்துவர்கள் இல்லை என்றுதான் சொன்னார்கள். 2013-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஹெபடைட்டிஸ் பி-யால் சிரோசிஸ் வந்த 96 பேர் ஐந்து வருடம் டெனோஃபோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரை சாப்பிட்டார்கள். கடைசியில் துண்டெடுத்துப் பார்த்தபோது 71 பேருக்குச் சிரோசிஸ் இல்லை. எல்லாருக்கும் அப்படி ஆகாது, மாமாவின் நோயும் வேறு. அதையும் மறைக்காமல் சொன்னேன். அத்தை சீட்டை வாங்கி, 'சிரோசிஸ்' என்ற எழுத்துக்குக் கீழே பேனாவால் 'ஈரல்ல தழும்பு' என்று எழுதி வைத்துக்கொண்டார்.