பாதி விலைக்கு வந்த மைக் மேடையில் ஏன் கத்துகிறது?

ஈபே போன்ற ஏலத் தளங்களில் எப்போது தேடினாலும் கிடைக்கும் ஒரு பொருள் ஷூர் எஸ்எம்58 மைக். உருண்டையான கம்பிவலைத் தலை, கரும்சாம்பல் நிறக் கைப்பிடி. பார்த்தவுடன் ‘அட, இதுவா’ என்று சொல்லிவிடுவோம். அமெரிக்கக் கடைகளில் இதன் விலை நெடுங்காலம் 99 டாலரிலேயே நின்றிருந்தது. ஏலத்திலோ பெட்டிகூடப் பிரிக்காத ‘புத்தம் புது’ மைக் பாதிக்கும் குறைவான விலையில் ஏலம் கேட்க ஆளின்றி நிற்கும். அவற்றில் எத்தனையோ போலி. நிறுவனமே இந்தப் போலிகளைப் பற்றி வெளிப்படையாக எச்சரித்திருக்கிறது.

சிகாகோவில் 1925-இல் தொடங்கிய ஷூர், இந்த மைக்கை 1966-இல் வெளியிட்டது. ஸ்டுடியோக்களை மனதில் வைத்துச் செய்தார்கள். பேர் வாங்கிக் கொடுத்தது மேடைதான். நம் ஊர்க் கல்யாண மண்டபத்து மெல்லிசைக் கச்சேரியிலும் பட்டிமன்ற மேடையிலும் நீங்கள் பார்க்கும் உருண்டைத் தலை மைக் ஒன்று இதுவாக இருக்கும், அல்லது இதைப் பார்த்துச் செய்ததாக இருக்கும்.

போலி செய்பவர் இதைத் தேர்ந்தெடுக்கக் காரணங்கள் உண்டு. வெளித்தோற்றம் பல பத்தாண்டுகளாகப் பெரிதாக மாறவில்லை. ஒருமுறை அச்சு செய்துவிட்டால் போதும். அசல் விலை எல்லோருக்கும் தெரியும் என்பதால், பாதி விலை என்றதும் கை பரபரக்கும். ஏலம் என்ற ஏற்பாடும் அவருக்கு உதவுகிறது. கடையில் பாதி விலைக்குத் தந்தால் ‘ஏன் இவ்வளவு மலிவு?’ என்று கேட்போம். ஏலத்தில் அந்தக் கேள்வியே எழுவதில்லை, மலிவாகக் கிடைக்கும் என்றுதானே அங்கே போகிறோம். கையில் எடுத்துப் பார்க்கவும் வழியில்லை. நாலு படங்கள்தான் ஆதாரம், அந்தப் படங்களும் வேறெங்கோ எடுத்தவையாக இருக்கலாம்.

சரி, படத்தில் தெரியாத அந்த உள்பக்கத்தில் என்னதான் நடக்கிறது?

எஸ்எம்58 ஒரு டைனமிக் மைக். வலைக்கும் அதன் உள்ளே ஒட்டிய பஞ்சுக்கும் பின்னால் கேப்சூல் என்ற சிறிய உருளை இருக்கிறது. அதன் முகப்பில் மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு, அதுதான் டயாஃப்ரம். சவ்வின் பின்னால், மயிரிழை போன்ற செம்புக் கம்பியில் சுற்றிய ஒரு சுருள். சுருள் ஒரு நிரந்தரக் காந்தத்தின் குறுகிய இடைவெளிக்குள் தொட்டும் தொடாமலும் நிற்கும். நாம் பேசும்போது காற்றழுத்தம் சவ்வை முன்னும் பின்னும் அசைக்கிறது, சுருளும் கூடவே அசைகிறது. காந்தப்புலத்தில் கம்பி அசைந்தால் மின்னழுத்தம் பிறக்கும் என்று 1831-இல் ஃபாரடே காட்டிய அதே விதிதான். பேட்டரி வேண்டாம், வெளியிலிருந்து மின்சாரமும் வேண்டாம்.

பிறக்கும் மின்னழுத்தம் மிகச் சிறியது. ஒரு பாஸ்கல் ஒலியழுத்தத்துக்கு, அதாவது 94 டெசிபல் சத்தத்துக்கு, இந்த மைக் தருவது ஏறத்தாழ 1.85 மில்லிவோல்ட். அதை ஒரு வோல்ட்டுக்குக் கொண்டுவர, மைக்குகளைச் சொருகும் மிக்சர் என்ற ஒலிக் கலவைக் கருவி ஐந்நூறு மடங்குக்கு மேல் பெருக்கியாக வேண்டும்.

இதுவரை சொன்னதைச் செய்வது இன்று கடினமே இல்லை. சவ்வு, சுருள், காந்தம் மூன்றும் சேர்ந்த மலிவான கேப்சூல்கள் மொத்தமாகக் கிடைக்கின்றன. அதனால்தான் போலி மைக்கை வீட்டில் சொருகி, வாயருகே வைத்துப் பேசினால் ‘நல்லாத்தானே இருக்கு’ என்று தோன்றிவிடுகிறது. விற்பவருக்கு நல்ல மதிப்பெண்ணும் போட்டுவிடுகிறோம். பிரச்சினை சவ்வின் முன்பக்கத்தில் இல்லை, பின்பக்கத்தில் இருக்கிறது.

மேடை மைக்குக்கு முன்னால் இருப்பவர் குரல் மட்டும் கேட்க வேண்டும். பின்னால் வரும் சத்தம் கேட்கக் கூடாது. இதைச் சாதிக்க ஒரு காலத்தில் இரண்டு தனித்தனி மைக்குகளை ஒரே கூட்டுக்குள் வைத்தார்கள். ஷூரில் வேலை பார்த்த பெஞ்சமின் பாவர் ஒரே கேப்சூலில் அதைச் செய்து காட்டினார். அவருடைய வடிவமைப்பு 1939-இல் யூனிடைன் என்ற பெயரில் வந்தது. எஸ்எம்58-இன் கேப்சூல் அந்தக் குடும்பத்தின் மூன்றாம் தலைமுறை.

பாவர் செய்தது இதுதான். கேப்சூலின் பக்கவாட்டில், சவ்வுக்குப் பின்னால், சில துவாரங்களை வைத்தார். பின்னாலிருந்து வரும் ஒலி முதலில் இந்தத் துவாரங்களை அடைகிறது. அதே ஒலி கேப்சூலைச் சுற்றிக்கொண்டு போய்ச் சவ்வின் முன்பக்கத்தையும் அடையும், ஆனால் கொஞ்சம் தாமதமாக. சுற்றுவழி 3 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒலி விநாடிக்கு 343 மீட்டர் போகிறது, ஆகவே தாமதம் ஒரு விநாடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. துவாரத்துக்குள் நுழைந்த ஒலியையும் சரியாக அதே நேரம் தாமதப்படுத்திவிட்டால் என்ன ஆகும்? இரண்டும் ஒரே கணத்தில் சவ்வின் இரு பக்கமும் வந்து சேரும். இருபுறமும் ஒரே வலுவில் தள்ளப்படும் கதவு நகராமல் நிற்பதுபோல் சவ்வும் அசையாது. மின்னழுத்தம் இல்லை, சத்தம் இல்லை.

முன்னாலிருந்து வரும் குரலுக்கு இந்தச் சமன்பாடு பொருந்தாது. அது முதலில் சவ்வின் முகத்தில் படும். சுற்றிப்போய்த் துவாரத்தில் நுழைய ஒரு தாமதம், உள்ளே போக இன்னொரு தாமதம். இரண்டும் கூடிவிடுவதால் ஒன்றை ஒன்று அடிக்காது, குரல் முழுசாகக் கேட்கும்.

உள்ளே அந்தத் தாமதத்தை உண்டாக்குவது துணியோ ஃபெல்ட்டோ மூடிய சிறு வழிகளும், அவற்றுக்குப் பின்னால் கணக்குப் பார்த்து விட்ட காற்றறைகளும். துணியின் நெசவு சற்று அடர்த்தியானாலும், ஓரத்தில் பசை சரியாக ஒட்டாமல் காற்று கசிந்தாலும் கணக்கு பிசகிவிடும். அதுவும் ஒரு சுருதிக்கு மட்டும் சரியாக இருந்தால் போதாது. குரல் பரவியிருக்கும் அகலம் முழுவதும் சரியாக இருக்க வேண்டும். இந்த மைக்கின் விலையில் பெரும்பங்கு இங்கேதான் இருக்கிறது என்பேன். ஏலப் படத்தில் ஒருபோதும் தெரியாத இடமும் இதுதான்.

அசல் மைக்கிலேயே இதைச் சோதிக்கலாம். பாடகர்கள் சிலர் ஸ்டைலுக்காக மைக்கின் உருண்டையை உள்ளங்கையால் பொத்திப் பிடிப்பார்கள். உடனே மைக் ஊளையிடும். கை பின் துவாரங்களுக்குப் போகும் வழியை அடைத்துவிடுகிறது; எந்தத் திசைச் சத்தமானாலும் வாங்கிக்கொள்ளும் சாதாரண மைக்காக அது மாறிவிடுகிறது. பல போலிகள் யாரும் பொத்தாமலே ஏறக்குறைய அந்த நிலையில்தான் இருக்கின்றன.

மைக்செட்காரர்கள் இந்த ஊளையை ஹவுலிங் என்பார்கள். பாடகரின் காலடியில், அவர் குரலை அவருக்கே கேட்கவைக்க, அவரைப் பார்த்து ஒரு மானிட்டர் ஸ்பீக்கர் இருக்கும், அதாவது மைக்கின் முதுகுப் பக்கம். ஸ்பீக்கரில் வரும் சத்தம் மைக்குக்குள் போய், பெருகி, மறுபடி ஸ்பீக்கருக்கு வருகிறது. ஒரு சுற்று முடியும்போது சத்தம் தொடங்கியதைவிடக் கொஞ்சம் கூடினாலும் போதும், சுற்றுக்குச் சுற்று வளர்ந்து காதைக் கிழிக்கும். நல்ல மைக் பின்பக்கச் சத்தத்தை 20 டெசிபல், அதாவது பத்தில் ஒரு பங்காகக் குறைக்கிறது என்று கொள்வோம். போலி 8 டெசிபல்தான் குறைக்கிறது என்றால், வித்தியாசம் 12 டெசிபல். மின்னழுத்தத்தில் நான்கு மடங்கு. அந்த நான்கு மடங்கையும் மைக்செட்காரர் மிக்சரில் இறக்கித்தான் ஆக வேண்டும். பாடகருக்குத் தன் குரல் காதில் விழாது. சுருதி தப்பும், பழி பாடகர் மேல் விழும். வீட்டில் ஒழுங்காகப் பேசிய மைக் மேடையில் மானத்தை வாங்குவது இப்படித்தான்.

கைப்பிடிக்குள் இன்னும் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, கேப்சூலைத் தாங்கும் ரப்பர். கை மைக்கை உரசும்போது கூடு அதிரும். கேப்சூலும் காந்தமும் அந்த அதிர்வோடு நகர, லேசான சவ்வும் சுருளும் சற்றுப் பின்தங்கும். அந்த வித்தியாசமே ‘கடமுட’ என்ற சத்தமாக வெளிவரும். அசலில் ரப்பர் அதிர்வைத் தணிப்பதோடு, அதனோடு சேர்ந்த காற்றறை அழுந்தும்போது சவ்வையும் அதே திசையில் தள்ளிவிடுகிறது. வித்தியாசம் குறைகிறது. வெறும் ரப்பர் வளையம் மாட்டிய போலியால் இதைச் செய்ய முடியாது.

இன்னொன்று, அடிப்பக்கத்தில் இருக்கும் குட்டி டிரான்ஸ்ஃபார்மர். சுருளில் பிறக்கும் மின்னழுத்தத்தைக் கூட்டி, நீளமான கேபிளுக்கு ஏற்றபடி அனுப்புவது அதன் வேலை. போலிகளில் பெரும்பாலும் இதைக் காணோம். கேப்சூலிலிருந்து இரண்டு கம்பிகள் நேராக, கேபிளைச் சொருகும் எக்ஸ்எல்ஆர் பின்னுக்கு ஓடும். அப்போது வெளியீடு குறையலாம். ஈடுகட்ட மிக்சரில் திருகைக் கூட்டினால் ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சலும் கூடவே ஏறும்.

அசல் மைக்கின் எடை 298 கிராம். எடை போட்டுப் பார்க்கச் சொல்வார்கள், பார்க்கலாம்தான். ஆனால் டிரான்ஸ்ஃபார்மர் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் இரும்புத் துண்டை ஒட்டிவிட்டால் தராசு ஏமாந்துவிடும். ஸ்டிக்கர், எழுத்து, பெட்டியின் நிறம் இவற்றை வைத்துப் போலியைக் கண்டுபிடிக்கும் பட்டியல்களும் உண்டு. அந்தப் பட்டியலைப் போலி செய்பவரும் படிக்கிறார். அடுத்த தொகுதியில் திருத்திவிடுகிறார். பின்பக்கத் தாமதத்தைத் திருத்துவது அவருக்கு அவ்வளவு எளிதல்ல. அதனால் சோதனையை அங்கே வைப்பதுதான் சரி.

பார்சல் வந்த அன்றே செய்துவிடுங்கள், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள். மொட்டை மாடியோ, துணிமணி நிறைந்த அறையோ நல்லது, சுவர் எதிரொலி குறையும். மைக்கை ஸ்டாண்டில் நிறுத்தி, ஒரு அடி தூரத்தில் போனில் சீரான இரைச்சலையோ 1000 ஹெர்ட்ஸ் ஒலியையோ போட்டு, மைக்கின் நேர் முன்னால் பிடித்துப் பதிவு செய்யுங்கள். பிறகு அதே தூரத்தில் நேர் பின்னால். மிக்சரில் எதையும் தொடக் கூடாது. பதிவின் மீட்டரில் பின்பக்க அளவு தெளிவாக விழ வேண்டும். மூன்று, நான்கு டெசிபல்தான் குறைந்தது என்றால் அது அசல் இல்லை, அல்லது அசலாக இருந்தும் பழுதாகிவிட்டது. அப்புறம், கைப்பிடியை விரலால் லேசாகத் தட்டிப் பாருங்கள். அசல் மைக் ஒன்றை நண்பரிடம் இரவல் வாங்கிப் பக்கத்தில் வைத்துச் செய்தால் சந்தேகத்துக்கே இடமிருக்காது.

மைக்கை வாங்கிய பிறகுதான் சோதிக்க முடியும். ஏலத்தில் ஏமாற்றும் இன்னொரு பொருளான ஆம்ப்ளிஃபயர் விஷயத்தில் வாங்குவதற்கு முன்பே கணக்குப் போடலாம். ஏலத்தில் ‘2000 வாட்’ என்று சின்னஞ்சிறு கார் ஆம்ப்ளிஃபயர்கள் வரும். படத்தில் ஃபியூஸைத் தேடுங்கள். 20 ஆம்பியர் என்றிருந்தால், கார் ஓடும்போது கிடைக்கும் 14.4 வோல்ட்டால் அதைப் பெருக்கினால் 288 வாட். தொடர்ந்து உள்ளே போவதே அவ்வளவுதான் என்றால் 2000 வாட் எங்கிருந்து வெளியே வரும்? மின்னழுத்தத்தை உயர்த்தும் சுற்று இல்லாமல், 12 வோல்ட்டை நேராக எடுத்து 4 ஓம் ஸ்பீக்கரை ஓட்டும் எளிய பலகை ஒரு சேனலுக்கு ஏறத்தாழ 18 வாட்டைத் தாண்டாது. கண நேர உச்சத்தை எப்படி எப்படியோ பெருக்கி எழுதிய எண்களே மற்றதெல்லாம். இந்தக் குழப்பம் பழசு. வீட்டு ஆம்ப்ளிஃபயர் விளம்பரங்களில் தொடர்ந்து தரக்கூடிய வாட்டைச் சொல்ல வேண்டும் என்று அமெரிக்க அரசு 1974-இலேயே விதி கொண்டுவந்துவிட்டது.

ஏலத்தில் மலிவாக வருவதெல்லாம் மோசடி இல்லை. தலை நசுங்கி, பெயின்ட் உரிந்து, யாரோ பத்து வருஷம் கச்சேரிகளில் உழைத்துத் தள்ளிய எஸ்எம்58 குறைந்த விலைக்கு வரும். நான் புத்தம் புது பாதி விலை மைக்கை விட்டுவிட்டு இதைத்தான் எடுப்பேன். நசுங்கிய வலைத் தலை தனியாகவே விற்கிறது, திருகி மாட்டினால் முடிந்தது. கேப்சூலே போயிருந்தாலும் ஆர்59 என்ற எண்ணில் நிறுவனம் அதையும் தனி உதிரியாகத் தருகிறது. அதை மட்டும் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடமே வாங்குங்கள், ஏலத்தில் வேண்டாம்.