ஏர் ரைஃபிள் குறி தப்பினால் ஸ்கோப்பைத் தொடாதீர்கள்

நேற்று வரை ஒழுங்காகச் சுட்ட ஏர் ரைஃபிள் இன்று இஷ்டத்துக்குச் சுடுகிறது. கை உடனே ஸ்கோப்பின், அதாவது மேலே பொருத்திய குறிபார்க்கும் தொலைநோக்கியின், திருகுக்குத்தான் போகும். கொஞ்சம் பொறுங்கள். 10 மீட்டரில் ஓர் அட்டையை வைத்து, ஒரே புள்ளியைப் பார்த்து ஐந்து முறை சுடுங்கள். ஓட்டைகள் ஒட்டி ஒட்டி விழுந்து, புள்ளியை விட்டுத் தள்ளி இருந்தால் ஸ்கோப்பைத் திருப்பினால் போதும். சிதறிக் கிடந்தால், எவ்வளவு திருப்பினாலும் சிதறல் இடம் மாறுமே தவிர, சுருங்காது.

ஸ்பிரிங் ரகத் துப்பாக்கிக்கு ஒரு குணம் உண்டு. டிரிகரை இழுத்ததும் ஸ்பிரிங் பிஸ்டனை முன்னால் தள்ள, துப்பாக்கி பின்னால் உதைக்கும். பிஸ்டன் காற்றை நெருக்கிக்கொண்டு முனையில் போய் நின்றதும் துப்பாக்கி முன்னால் குதிக்கும். இவ்வளவு கூத்துக்கும் பெல்லட் என்கிற சின்ன ஈயக் குண்டு இன்னும் பேரலை, அதாவது குழலை, விட்டு வெளியே வந்திருக்காது! ஒரு மீட்டர் நீளத் துப்பாக்கியின் முனை ஒரு மில்லிமீட்டர் விலகினால், 10 மீட்டரில் அது ஒரு சென்டிமீட்டர். அதனால்தான் இறுக்கிப் பிடிப்பவரைவிட, உள்ளங்கையில் தளர்வாகக் கிடத்தி, தினமும் ஒரே இடத்தில் தாங்கிச் சுடுபவருக்குக் குறி நன்றாக விழுகிறது.

இந்த இரட்டை உதைதான் ஸ்க்ரூக்களையும் கழற்றுகிறது. நான் முதலில் எடுப்பது ஸ்க்ரூ டிரைவரைத்தான். பெல்லட் இல்லை, ஸ்பிரிங் ஏற்றவில்லை என்று உறுதி செய்துகொண்டு, மரக்கட்டையை இணைக்கும் ஸ்க்ரூ, ஸ்கோப் பிடிகள் எல்லாவற்றையும் சோதியுங்கள். பேரல் மடியும் மூட்டு பக்கவாட்டில் ஆடுகிறதா என்றும் அசைத்துப் பாருங்கள்.

ஓட்டைகள் மேலும் கீழுமாக வரிசை கட்டினால் வேகத்தைச் சந்தேகிக்கலாம். நொடிக்கு 175 மீட்டரில் போகும் பெல்லட் 10 மீட்டருக்குள் சுமார் 16 மில்லிமீட்டர் இறங்கும். வேகம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் இன்னும் 4 மில்லிமீட்டர் கீழே. ஏறக்குறைய ஒரு பெல்லட்டின் அகலம்! மூட்டின் மேல் மெல்லிய டிஷ்யூ துண்டை வைத்துச் சுடுங்கள். அது துள்ளினால் மூட்டை அடைக்கும் வாஷர் வழியே காற்று கசிகிறது, வாஷரை மாற்றிவிடலாம். புகையும் பட்டாசுச் சத்தமும் வந்தால் உள்ளே எண்ணெய் எரிகிறது என்று அர்த்தம். எண்ணெய் விடுவதில் நம்மவர்கள் தாராளம்.

அப்புறம் பெல்லட். ஈயம் மிருதுவானது, டப்பாவுக்குள் குலுங்கியே பின்விளிம்பு நசுங்கிவிடும். கண்ணாடி மேல் உருட்டிப் பாருங்கள். நல்லது வளைந்து சீராக உருளும்; நசுங்கியது தத்தித் தத்திப் போகும்.