எஃப்1 காரோட அந்த அலறல் எங்க போச்சு?

தெருமுனையில ஒரு ஆர்எக்ஸ் 100 திரும்புனா வீட்டுக்குள்ள இருந்தே சொல்லிடலாம், புல்லட்டும் அப்படித்தான், வண்டிய பாக்கவே வேணாம், காது போதும். எஃப்1லயும் அப்படி ஒரு காலம் இருந்துச்சு. நம்ம கோயம்புத்தூர்காரர் நரேன் கார்த்திகேயன் 2005ல ஜோர்டான் டீமுக்கு ஓட்டுனாருல்ல, இந்தியாவோட முதல் எஃப்1 டிரைவர், அவர் கார்ல இருந்தது டொயோட்டா வி10, அதாவது பத்து சிலிண்டர் இன்ஜின். அந்த வருஷத்து ஆன்போர்டு வீடியோ எதையாவது ஹெட்செட் போட்டு கேளுங்க, அப்புறம் 2014க்கு மேல வந்த கார் ஒன்ன கேளுங்க. முதல்ல கேட்டது அலறும், முடி சிலிர்க்கும். அடுத்தது ஒரு கனமான முனகல், அவ்ளோதான்.

இத பத்தி பேச்சு வந்தாலே "சுற்றுச்சூழல்னு சொல்லி கெடுத்துட்டாங்க, காரும் ஸ்லோ ஆயிடுச்சு"ன்னு ஒருத்தர் கண்டிப்பா சொல்வார். ஸ்லோ ஆச்சுங்கிறது சுத்தமா தப்பு. இத்தாலியில மோன்சா டிராக்ல 2004ல வி10 காரோட மோன்டோயா ஒரு லேப்புக்கு சராசரியா 262.2 கி.மீ வேகத்துல போனதுதான் ரொம்ப வருஷம் ரெக்கார்டா இருந்துச்சு, அத 2018ல ரைக்கோனென் வி6 ஹைபிரிட்ட (ஆறு சிலிண்டர் இன்ஜினோட மின்சார மோட்டாரும் சேந்தது) வெச்சு 263.5 போட்டு உடைச்சாரு, 2025ல வெர்ஸ்டாப்பன் 264.6. இத்தனைக்கும் அப்போ காரோட எடை டிரைவரோட சேத்து 600 கிலோ சொச்சம், 2025ல 800 கிலோ. இருநூறு கிலோ கூட ஏத்திக்கிட்டு, சத்தத்த பாதி ஆக்கிட்டு, அதவிட வேகமா போறான். அப்போ அந்த சத்தம் என்னதான் பண்ணிட்டு இருந்துச்சு?

சத்தம் எப்படி வருதுன்னு பாத்துடுவோம். இன்ஜின் ஒவ்வொரு தடவ பெட்ரோல கொளுத்தும்போதும் எக்ஸாஸ்ட் வழியா ஒரு அழுத்த அலை வெளிய வரும், அது ஒரு செகண்டுக்கு எத்தன தடவ வருதுங்கிறதுதான் நம்ம காதுக்கு சுருதி. புல்லட் ஒத்த சிலிண்டர், ஃபோர் ஸ்ட்ரோக், அதாவது ரெண்டு சுத்துக்கு ஒரு தடவதான் கொளுத்தும், ஐடில்ல 1,000 ஆர்பிஎம்னு (நிமிஷத்துக்கு 1,000 சுத்து) வெச்சா செகண்டுக்கு எட்டு தடவ. அதனாலதான் டுப் டுப்னு தனித்தனியா எண்ற மாதிரி கேக்குது. ஆர்எக்ஸ் டூ ஸ்ட்ரோக், ஒவ்வொரு சுத்துக்கும் கொளுத்தும், 7,500 ஆர்பிஎம்ல செகண்டுக்கு 125. அங்க டுப் டுப் எல்லாம் காணோம், ஒரே இழுப்பா கேக்கும். இப்போ வி10க்கு வாங்க, 19,000 ஆர்பிஎம், பத்து சிலிண்டர், கணக்கு போட்டா செகண்டுக்கு 1,583 வெடிப்பு! 2006ல வந்த 2.4 லிட்டர் வி8ல 18,000 ஆர்பிஎம்முக்கு 1,200. 2014 வி6 ஓட்டத்துல 12,000 சுத்துனா வெறும் 600. மேல் ஸ்தாயில பாடிட்டு இருந்தவர் ஒரு ஸ்தாயிக்கும் மேலயே கீழ இறங்கி பாடுற மாதிரிதான்.

ஆனா ஏன் 19,000 வரைக்கும் சுத்துனாங்க? யாருக்கும் சத்தம் புடிச்சதால இல்ல. ரூல் புக் எதை அளக்குதோ, அதை வளைச்சுத்தான் இன்ஜினியர் வேலை பாப்பான், அன்னிக்கு ரூல் அளந்தது காத்த. 3 லிட்டர், டர்போ (காத்த அமுக்கி இன்ஜினுக்குள்ள தள்ளுற சாமான்) கிடையாது, அவ்ளோதான் கட்டுப்பாடு. இன்ஜின் ரெண்டு சுத்துக்கு மூணு லிட்டர் காத்துதான் உள்ள இழுக்கும், பெட்ரோல் எரிய காத்து வேணும், அதனால அதிக பவர் வேணும்னா ஒரே வழி செகண்டுக்கு அதிக தடவ சுத்துறது. பெட்ரோல் எவ்ளோ குடிச்சாலும் கேக்க ஆள் இல்ல, 2009 வரைக்கும் ரேஸ் நடுவுலயே பிட்ல நிறுத்தி ஊத்திக்கலாம். அந்த வேகத்துல சுத்தணும்னா பிஸ்டன் மேல கீழ போற தூரம் கம்மியா இருக்கணும், வி8ல அது நாலு சென்டிமீட்டருக்கும் கொஞ்சம் கீழ, நம்ம பழைய புல்லட் 350ல ஒன்பது சென்டிமீட்டர். சாதாரண ஸ்டீல் ஸ்பிரிங் போட்டா வால்வ் மூடுறதுக்குள்ள பிஸ்டன் மேல வந்துடும்னு சொல்லி ஸ்பிரிங்குக்கு பதிலா அழுத்தமான கேஸ வெச்சாங்க (ரெனால்ட் 1986லயே ஆரம்பிச்ச வித்தை). இத்தனையும் பண்ணி பெட்ரோல்ல இருக்குற சக்தியில சுமார் 30 சதவீதம்தான் ஓட்டத்துக்கு போச்சு, மிச்சம் எல்லாம் சூடாவும் சத்தமாவும் எக்ஸாஸ்ட்ல வெளிய. நாம காது குளிர கேட்டது வீணா போன பெட்ரோலத்தான்.

2014ல ரூல் காத்த விட்டுட்டு பெட்ரோல அளக்க ஆரம்பிச்சுது. இதுதான் உண்மையான திருப்பம், வி6, டர்போ, ஹைபிரிட் எல்லாம் அதுக்கு அப்புறம்தான். எந்த நேரத்துலயும் மணிக்கு 100 கிலோவுக்கு மேல பெட்ரோல் இன்ஜினுக்குள்ள போகக்கூடாது, முழு ரேஸுக்கும் 100 கிலோதான், அதுக்கு முந்தின வருஷம் 150 கிலோ அளவுக்கு குடிச்ச ரேஸ் இது. ரூல்படி 15,000 ஆர்பிஎம் வரைக்கும் சுத்தலாம், ஆனா 10,500லயே பெட்ரோல் அளவு உச்சத்த தொட்டுடும், அதுக்கு மேல சுத்துனா உராய்வுல நஷ்டம்தான், லாபம் இல்ல. அதான் எல்லாரும் 12,000 பக்கத்துல கியர் மாத்திட்டு போயிட்டாங்க. சத்தத்த குறைங்கன்னு ரூல்ல ஒரு வரி கூட கிடையாது, தானா குறைஞ்சுது.

டர்போவும் தன் பங்குக்கு அமுக்குச்சு. வெளிய போற புகையோட அழுத்தத்துல ஒரு விசிறி சுத்தும், அது காத்த அமுக்கி இன்ஜினுக்குள்ள தள்ளும். அந்த விசிறியே பாதி சைலன்சர் வேலை பாக்குது, ஏன்னா காதுக்கு வர வேண்டிய சக்திய அது முன்னாடியே தின்னுடுது. அதுக்கு மேல எம்ஜியு-எச்னு ஒரு சாமான். டர்போவோட அச்சுலயே ஒரு மோட்டார மாட்டி, நிமிஷத்துக்கு 1,25,000 சுத்து வரைக்கும் சுத்தவிட்டு, புகையில மிச்சம் இருக்குற சக்தியையும் கரண்ட்டா கறந்துடுவாங்க, ஆக்சிலேட்டர் மிதிக்கும்போது அதே மோட்டார் டர்போவ உடனே சுத்திவிடும், லேக் (பவர் வர தாமதம்) இருக்காது. என்னைக் கேட்டா ரேஸ் கார்ல இதுவரைக்கும் வந்த சாமான்லயே அழகானது இதுதான், ஆனா யாருக்கும் கண்ணுல படல, காதுலயும் விழல, அதான் அதோட சாபம். 2017ல மெர்சிடீஸ் டெஸ்ட் பெஞ்ச்ல 50 சதவீத திறன தாண்டிட்டோம்னு சொன்னாங்க, பெட்ரோல் இன்ஜின்ல அது நம்பவே முடியாத நம்பர்.

முதல் ரேஸ்லயே வில்லங்கம். மெல்போர்ன்ல சொந்த நாட்டு ஜனங்க முன்னாடி ஆஸ்திரேலியாக்காரர் ரிக்கியார்டோ ரெண்டாவதா வந்து போடியம் எல்லாம் ஏறி கொண்டாடிட்டாரு, சில மணி நேரம் கழிச்சு பெட்ரோல் ஓட்டம் 100 கிலோவ தாண்டிடுச்சுன்னு டிஸ்குவாலிஃபை. கிரவுண்ட்ல உக்காந்து பாத்தவனுக்கு என்ன தெரியும்? ஒருத்தன் குறுக்க வந்து இடிச்சா தெரியும், குழாய்ல கொஞ்சம் கூட பெட்ரோல் போனது யாருக்கு தெரியும். பெட்ரோல் கணக்கு ரேஸ்ல மூக்க நுழைக்கிறது புதுசு இல்லதான், 1985 இமோலாவுல 220 லிட்டர் ரூல்னால கடைசி சில லேப்ல சென்னா பெட்ரோல் காலியாகி நின்னாரு, அடுத்து லீட் எடுத்த யோஹான்சனும் நின்னாரு, முதல்ல கோட்ட தாண்டுன ப்ராஸ்ட் எடை கம்மின்னு வெளிய போக, டி ஏஞ்சலிஸ் ஜெயிச்சாரு. ஆனா அது கண்ணுக்கு தெரிஞ்ச நாடகம்.

சத்தத்துக்கு மருந்து தேடவும் செஞ்சாங்க. 2014 மே மாசம் பார்சிலோனா டெஸ்ட்ல மெர்சிடீஸ் காரோட எக்ஸாஸ்ட்ல ஊதுகுழல் மாதிரி ஒன்ன மாட்டி ஓட்டி பாத்தாங்க, பாக்க சிரிப்பா இருந்துச்சு, சத்தமும் பெருசா ஏறல. 2016ல வேஸ்ட்கேட்டுக்கு (டர்போவுக்கு தேவைப்படாத புகைய வெளிய விடுற வழி) தனி குழாய் வெச்சதுல கொஞ்சம் தேறுச்சு.

ஆனா அந்த வருஷங்கள்ல எஃப்1 போரடிச்சதுக்கு காரணம் சத்தம் இல்லன்னுதான் நான் சொல்வேன். இன்ஜின் அவ்ளோ சிக்கலாயிடுச்சு, ஒருத்தன் மட்டும் சரியா பண்ணிட்டான், அதான் காரணம். மெர்சிடீஸ் 2014ல 19 ரேஸ்ல 16 ஜெயிச்சுது, 2021 வரைக்கும் எட்டு வருஷம் தொடர்ந்து டீம் பட்டம். பின்தங்கினவன் ஓடி புடிக்கலாம்னா அதுக்கும் டோக்கன் சிஸ்டம், செலவு கூடக்கூடாதுன்னு வருஷத்துக்கு இவ்ளோதான் இன்ஜின மாத்தலாம்னு ரூல், நல்ல எண்ணம்தான், ஆனா முதல்ல வந்தவனுக்கு பூட்டு போட்டு குடுத்த மாதிரி ஆயிடுச்சு. 2015ல மெக்லாரனோட சேந்த ஹோண்டா பட்ட பாடு தெரியும்ல, ஹோண்டாவோட சொந்த டிராக் சுசுகாவுலயே அலோன்சோ ரேடியோவுல "ஜிபி2 இன்ஜின்"னு கத்துனாரு, அது ஒரு லெவல் கீழ இருக்குற ரேஸ் சீரிஸ் பேரு. 2017ல டோக்கன தூக்குனாங்க, அதே ஹோண்டா கம்பெனி செஞ்ச இன்ஜினோட 2021ல வெர்ஸ்டாப்பன் சாம்பியன். இன்னொன்னு பாருங்க, சத்தம் திரும்பி வரவே இல்ல, ஆனா 2019ல நெட்ஃபிளிக்ஸ் சீரிஸ் வந்த அப்புறம் வி10அ கேட்டே இருக்காத ஒரு புது கூட்டம் வந்து சேந்துச்சு. அவங்களுக்கு எவன் எவன்கூட சண்டை போடுறான்ங்கிறதுதான் முக்கியம்.

இப்போ 2026. எம்ஜியு-எச் போயிடுச்சு, விலை கூட, ரோட்டு கார்ல பெருசா உபயோகம் இல்ல, புதுசா வர கம்பெனிக்கு அத கத்துக்கவே பல வருஷம் ஆகும். அத தூக்குனதும் கதவு தெறந்துச்சு: ஆடி வந்துடுச்சு, ரெட் புல்லோட ஃபோர்டு சேந்துச்சு, போறேன்னு சொன்ன ஹோண்டா ஆஸ்டன் மார்ட்டினுக்கு இன்ஜின் குடுக்குது. ரெனால்ட் மட்டும் இன்ஜின் பண்றதையே நிறுத்திட்டு, அவங்க ஆல்பைன் டீம் மெர்சிடீஸ்கிட்ட வாங்குது.

ரூல் இந்த தடவ அளக்குறது பெட்ரோலோட எடைய கூட இல்ல, அதுல இருக்குற சக்திய, மணிக்கு 3,000 மெகாஜூல். பெட்ரோலும் பூமியில தோண்டுனது இல்ல, கழிவுல இருந்தோ காத்துல புடிச்ச கார்பன்ல இருந்தோ செஞ்சது. வி6ல இருந்து சுமார் 400 கிலோவாட், மோட்டார்ல இருந்து 350, கிட்டத்தட்ட பாதிக்கு பாதி. முன்னாடி மோட்டார் 120தான். கேக்க நல்லாதான் இருக்கு, ஆனா ஒரு கணக்கு போடுங்க. பேட்டரியில ஒரு நேரத்துல எடுக்க முடியுறது 4 மெகாஜூல். 350 கிலோவாட்னா செகண்டுக்கு 0.35 மெகாஜூல். பதினோரு செகண்ட் சொச்சத்துல தீந்துடும்! ஒரு நீளமான ஸ்ட்ரெய்ட்டே அவ்ளோ நேரம் வரும். அதனால பிரேக் போடும்போது மட்டும் சார்ஜ் ஏத்துனா பத்தாது, 290 கி.மீக்கு மேல மோட்டார் பவர் தானா குறையுற மாதிரி ரூல்லயே எழுதிட்டாங்க, முன்னாடி போறவன துரத்துறவனுக்கு மட்டும் 337 வரைக்கும் முழுசா கிடைக்கும். டிஆர்எஸ் (துரத்துறவன் பின் ரெக்கைய தெறந்து வேகம் ஏத்திக்கிற ஏற்பாடு) போய் அந்த இடத்துக்கு இது வந்துருக்கு. முந்துறது பின் ரெக்கைய தெறக்குறதுல இருந்து பேட்டரிய யாரு மிச்சம் வெச்சிருக்காங்கிறதுக்கு மாறிடுச்சு, செஸ் மாதிரி, புடிக்கிறவங்களுக்கு புடிக்கும், எனக்கு பாதி மனசு.

மறு பக்கம் 2025 ஆரம்பத்துல, ரேஸுக்கு ரூல் போடுற அமைப்பான எஃப்ஐஏவோட தலைவர் பென் சுலாயம் வி10 திரும்ப வரலாம்னு பேச்ச கிளப்புனாரு, அப்புறம் அது வி8னு இறங்கி வந்துச்சு. ஏப்ரல்ல பஹ்ரைன்ல இன்ஜின் கம்பெனிங்கள கூட்டி பேசுனப்போ 2026 ரூல் அப்படியே இருக்கட்டும்னு முடிவாச்சு. பெட்ரோலே சுத்தமானதுன்னா இன்ஜின் ஏன் அமைதியா இருக்கணும்னு பழைய இன்ஜின் வேணும்ங்கிறவங்க கேக்குற கேள்வி ஒன்னும் தப்பில்ல, ஆனா இப்பதான் கோடி கோடியா போட்டு பேட்டரி செஞ்சுட்டு உள்ள வந்த ஆடிகாரன்கிட்ட போய் அத எப்படி சொல்றது.

அதுவரைக்கும் இந்த சீசன் பாக்கும்போது ஒரு வேலை பண்ணுங்க. நீளமான ஸ்ட்ரெய்ட்டோட கடைசியில ஸ்பீடு நம்பர கவனிங்க. டிரைவர் ஆக்சிலேட்டர முழுசா மிதிச்சிட்டுதான் இருப்பாரு, இன்ஜின் சத்தமும் முழுசா இருக்கும், ஆனா நம்பர் மட்டும் மெல்ல இறங்கும். கார்ல எதுவும் ரிப்பேர் இல்ல, பிரேக் மிதிக்காமயே மோட்டார் இன்ஜின்கிட்ட இருந்து அடுத்த ஸ்ட்ரெய்ட்டுக்கு சார்ஜ் உறிஞ்சிட்டு இருக்கு.