நடத்துநர் ஏன் சீறினார்?

மாலை ஐந்தரை மணிக்குக் கொழும்பு வெள்ளவத்தையில் 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறி, கட்டணத்துக்கு 1000 ரூபாய்த் தாளை நீட்டுகிறீர்கள். சில்லறை இல்லையா என்று நடத்துநர் சீறுகிறார். அவர் அடுத்தவரிடம் திரும்புவதற்குள் 'மரியாதை தெரியாத ஆள்' என்று உங்கள் உள்ளம் முடிவுகட்டிவிடுகிறது. மிதிபலகையில் தொங்குகிறவர்கள், முந்தத் துடிக்கும் பின் பஸ், நின்று நின்று கடுத்த கால்கள் எதுவும் அந்தத் தீர்ப்பில் இடம்பெறுவதில்லை.

சூழ்நிலை செய்த வேலையை ஆளின் குணத்தின் மேல் ஏற்றும் இந்தப் போக்குக்கு, 1977இல் சமூக உளவியலாளர் லீ ரொஸ் 'அடிப்படைக் காரணங்கற்பித்தல் பிழை' என்று பெயர் வைத்தார்.

அது எப்படி உண்டாகிறது என்பதை உளவியலாளர் டானியல் கில்பேர்ட்டும் அவருடைய சகாக்களும் 1988இல் அழகாகக் காட்டினார்கள். பதற்றத்துடன் பேசும் ஒரு பெண்ணின் படத்தை ஒலியில்லாமல் போட்டார்கள். அவள் எதைப் பற்றிப் பேசுகிறாள் என்பது திரையில் எழுத்தாக வந்தது. பார்வையாளரில் ஒரு பகுதியினருக்குச் சங்கடமான அந்தரங்கத் தலைப்புகள். மற்றவர்களுக்குச் சாதாரணத் தலைப்புகள். நிம்மதியாகப் பார்த்தவர்கள், அந்தரங்கத்தைக் கேட்டால் யார்தான் நெளியமாட்டார்கள் என்று அவளுக்கு விட்டுக்கொடுத்தார்கள். தலைப்புகளை மனப்பாடம் செய்யப் பணிக்கப்பட்டவர்களோ, தலைப்பு எதுவானாலும் அவளைச் சுபாவத்திலேயே பதற்றக்காரி என்று மதிப்பிட்டார்கள். இத்தனைக்கும் அவளுக்காகச் சாட்சி சொல்லக்கூடிய அதே தலைப்புகளைத்தான் அவர்கள் மனதில் பதித்துக்கொண்டிருந்தார்கள்!

குணத்தைத் தீர்மானிப்பது தானாக நடக்கிறது. சூழ்நிலையை எண்ணி அதைத் திருத்துவது பிறகு வரும் உழைப்பு என்பது கில்பேர்ட்டின் விளக்கம். மனம் வேறொன்றில் சிக்கியிருந்தால் திருத்தம் நடப்பதில்லை. அந்த பஸ்ஸில் தொலைபேசியைக் காதில் இடுக்கிக்கொண்டு பைக்குள் சில்லறை தேடுகிறவருக்கும் நடத்துநரின் கஷ்டம் தெரியும். தெரிந்ததை எடுத்துப் பொருத்த அந்த நேரத்தில் மனம் ஒழியவில்லை. ஆட்களை எடைபோடுவதை, ஆசனம் கிடைத்து மூச்சு வாங்கிய பிறகு வைத்துக்கொள்வதுதான் நியாயம் என்பேன்.

அதற்காக, சீறுகிறவர் எல்லாம் நல்லவர் என்றாகிவிடாது. காரணத்தைப் பிரித்தறிய, சமூக உளவியலாளர் ஹரல்ட் கெலி 1967இல் ஒரு வழி சொன்னார். அதை நம் பஸ்ஸுக்குப் பொருத்தினால் மூன்று கேள்விகள் வரும். அந்த நெரிசலில் மற்ற நடத்துநர்களும் சீறுகிறார்களா? இவர் எல்லாப் பயணிகளிடமும் சீறுகிறாரா? பஸ் காலியாக ஓடும் ஞாயிறு காலையிலும் சீறுகிறாரா? முதலாவதற்கு ஆம், கடைசிக்கு இல்லை என்றால் காரணம் நெரிசல். முதலாவதற்கு இல்லை, மற்ற இரண்டுக்கும் ஆம் என்றால் குணத்தைச் சந்தேகிக்கலாம். ஒரே தடவை கேட்ட சீறலை வைத்து இவற்றில் ஒன்றுக்கும் பதில் சொல்ல முடியாது.