ஒரே மூச்சில் ஓட்டிவிடாதீர்கள்

ஒரே தடவையில் அளவுக்கு மீறி அடித்துவிட்டுத் தவிக்கும் தொழிற்சாலைகளில் இந்த வருடம் நான் பார்த்த நான்காவது இது. பினாங்கு, பிறையில் இருக்கிறது. பிரஸ் மெஷினில் டை என்ற அச்சை மாட்டித் தகட்டைப் பிராக்கெட்டாக (தாங்கியாக) அடித்து, பிசிறு எடுத்து, முலாம் பூசி, கடைசியில் பூட்டி அனுப்புகிறார்கள். பூட்டும் இடத்தில்தான் துளை தள்ளிப்போனது தெரிந்திருக்கிறது. அதற்குள் 20,000 பிராக்கெட்டுக்கும் முலாம் பூசியாகிவிட்டது.

"ஒரே தடவையில் ஏன் அண்ணே இவ்வளவு?" என்று அங்கே பொறுப்பில் இருந்தவரைக் கேட்டேன்.

"டை மாற்றவே மூன்று மணி நேரம் ஆகுது தம்பி. மாற்றினது மாற்றியாச்சு, இரண்டு மாதத்துக்குச் சேர்த்து அடிச்சிட்டோம்."

இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. பெரிய லாட் (ஒரே தடவையில் அடிக்கும் தொகுப்பு) போட்டால் செலவு மிச்சம் என்கிறீர்களே, எந்த இடத்தில் மிச்சம்? அங்கே பிரஸ் பாதி ஷிஃப்ட் சும்மாதான் நிற்கிறது. சும்மா நிற்கிற மெஷினில் மூன்று மணி நேரத்தை மிச்சம் பிடித்தால், அது இன்னும் மூன்று மணி நேரம் சும்மா நிற்கும். ஆள் சம்பளம் குறையாது, ஒரு பிராக்கெட்கூட அதிகமாக வெளியே போகாது. நெரிசல் முலாம் தொட்டியில். அங்கே போகும் ஒரு மணி நேரம் மொத்தத் தொழிற்சாலைக்கும் போன நேரம். டை மாற்றுவதை மிச்சம் பிடிக்கப் போய் அந்தத் தொட்டியை இந்த 20,000 அடைத்துக்கொண்டது. வேறொரு வாடிக்கையாளர் அவசரமாகக் கேட்ட சரக்கு அதற்குப் பின்னால் வரிசையில் கிடந்தது.

ஒரு தடவைக்கு எத்தனை அடித்தால் செலவு குறையும் என்று 1913இல் அமெரிக்கப் பொறியாளர் ஃபோர்ட் ஹாரிஸ் கொடுத்த லாட் கணக்கைச் சிலர் என்னிடம் காட்டுவார்கள். நல்ல கணக்குதான். ஆனால் அது டை மாற்றுவது போன்ற செட்டப் செலவையும் இருப்புச் செலவையும் மட்டுமே எடைபோடுகிறது. அடுத்த கட்டத்தில் நிற்கும் வரிசை அதன் கண்ணில் படாது. அதே கணக்கு இன்னொன்றும் சொல்கிறது: செட்டப் செலவு கால்வாசியானால் லாட் பாதியாக வேண்டும். டொயோட்டாவில் 1000 டன் பிரஸ்ஸின் டை மாற்ற 4 மணி நேரம் ஆனதை ஜப்பானியப் பொறியாளர் ஷிகியோ ஷிங்கோ 3 நிமிடத்துக்குக் கொண்டுவந்தார். உங்களை மூன்று நிமிடம் கேட்கவில்லை. பிரஸ் ஓடும்போதே அடுத்த டையையும் போல்ட்டையும் பக்கத்தில் கொண்டுவந்து வையுங்கள், போதும்.

அடித்த லாட் முழுவதும் முடிந்தபிறகுதான் அடுத்த இடத்துக்குத் தள்ள வேண்டும் என்று யார் சொன்னது? மூன்று கட்டம், கட்டத்துக்கு ஒரு நிமிடம், 1000 பிராக்கெட் என்று வையுங்கள். மொத்தமாக நகர்த்தினால் 50 மணி நேரம். நூறு நூறாக நகர்த்தினால் முதல் நூறு வந்ததுமே அடுத்த கட்டம் ஓடத் தொடங்கும், 20 மணி நேரம். அதே ஆள், அதே மெஷின். டிராலி மட்டும் கூடுதலாக நடக்கும்.

இரண்டு மாத இருப்பை ஸ்டோரில் பார்த்து நிம்மதியாகத் தூங்காதீர்கள். வாடிக்கையாளர் டிசைனை மாற்றினால் அது பழைய இரும்பு. அட்டவணையை முலாம் தொட்டியிலிருந்து போடத் தொடங்குங்கள், பிரஸ்ஸிலிருந்து வேண்டாம்.

அண்ணே, அடுத்த டை ஏற்றியதும் முதல் நூறை மட்டும் எல்லாக் கட்டமும் தாண்டிக் கொண்டுபோய்ப் பூட்டிப் பாருங்கள். அப்புறமும் டிராலிக்கு ஒன்றை எடுத்து அளந்துவிடுங்கள்.